அரிசிக்கு வைத்த பெருவிரல்

அன்புள்ள மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போன வெள்ளிக்கிழமை, மன்னார்க் காணியை மாமிக்கு எழுத வேண்டும் என்று நான் சொன்னதும், நீ போனைப் பாதியில் வைத்துவிட்டாய். எனக்குக் கோபமில்லை. உன் வயதில் நானும் அப்படித்தான் வைத்திருப்பேன். "வாப்பா, உங்களுக்கு இப்ப மறதி கூடிட்டு. ஆரோ சொல்லித் தந்துதான் கதைக்கிறீங்க. மாமிட வேலையா இது?" என்று கேட்டாய். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், சொல் வரவில்லை. போனில் எனக்கு இப்போது அப்படித்தான் ஆகிறது. எழுதினால் பிழையை வெட்டலாம், மறந்த சொல் வரும்வரை பேனாவை வைத்துவிட்டு இருக்கலாம். விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் எனக்குத் தலை தெளிவாக இருக்கிறது. அந்த நேரத்தில் மட்டும், நாலு நாளாக இதை எழுதினேன். ஒரு பிரதியைப் பள்ளிவாசல் அச்சடிக்கும் மலருக்கும் கொடுக்கப் போகிறேன். உனக்கு வெட்கமாக இருக்கும், எனக்கும்தான். ஆனால் மன்னாரிலிருந்து இந்தப் புத்தளக் கரைக்கு வந்து இறங்கிய எத்தனையோ குடும்பங்களில் இதே காரியம் நடந்திருக்கிறது. யாரும் வெளியே சொல்வதில்லை. ஒருவன் சொன்னால் இன்னொருவன் கையை நிறுத்துவான் என்று நினைக்கிறேன்.

நீ மறதியைத்தானே பிடித்துக்கொண்டாய், முதலில் அதைச் சொல்கிறேன். அது உண்மைதான். இரண்டு மாதத்துக்கு முன் கற்பிட்டியில் கருவாடு பார்த்துவிட்டு வந்தவன், பாலாவிச் சந்தியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். முப்பது வருடத்துக்கு மேலாகத் திரும்புகிற சந்தி. புத்தளம் இடது கைப் பக்கமா வலது கைப் பக்கமா என்று தெரியவில்லை. வெயில் உச்சியைச் சுட்டது. ஓட்டோக்காரன் ஒருவன் பக்கத்தில் வந்து நிறுத்தினான். "என்ன முதலாளி, நட்டு வச்ச தூண் மாதிரி நிக்கிறீங்க?" "ஒரு ஆள் வரும்," என்றேன். "ஆளோ, பொம்புளையோ?" என்று சிரித்தான். "போ மகன், புத்தளத்துக்குப் போற வேலையப் பாரு," என்றேன். அவன் போனான். அவன் திரும்பிய பக்கம் நானும் திரும்பினேன். அப்படித்தான் அன்றைக்கு வீடு வந்து சேர்ந்தேன். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் தாளில் வட்டம் போட்டு ஒரு மணிக்கூடு கீறச் சொன்னார். கருவாட்டை முகர்ந்தே எத்தனை நாள் உப்பில் கிடந்தது என்று சொல்கிற நான், பத்தையும் பதினொன்றையும் வட்டத்துக்கு வெளியே போட்டிருந்தேன். "இது மெதுவா வரும், ஆனா திரும்பிப் போகாது. சொத்து எழுத்து வேலை ஏதும் இருந்தா இப்பவே முடிச்சிடுங்க," என்றார். உன் உம்மா உயிரோடு இருந்திருந்தால் அவளிடம் சொல்லி அழுதிருப்பேன். அவள் இல்லை. அதனால் நேரே எழுத்து வேலைக்குப் போனேன். அதைத்தான் நீ மாமியின் வேலை என்கிறாய்.

மன்னார்க் காணி யாருடையது என்று உனக்கு நான் ஒருநாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை. 'எங்கட காணி' என்று மட்டும் சொல்லி வளர்த்தேன். அது என் உம்மாவுக்கு அவளுடைய வாப்பா கலியாணத்தோடு எழுதிக் கொடுத்த வீடும் வளவும். எங்கள் சனத்தில் வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டில் போய் இருப்பான். அந்தக் கணக்கில் உம்மாவின் வீடு என் ஒரே தங்கச்சி ஹாஜராவுக்கு, அதாவது உன் மாமிக்கு. அவள் தொட்டிலில் கிடந்தபோதே முடிவான கதை அது. தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் முஸ்லிம்களான எங்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது அவளுக்குப் பதினெட்டு வயது. வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டியில் இறங்கினோம். மூன்றாம் மாதம் என் வாப்பா மௌத்தானார், இங்கேயே அடக்கினோம். கரைத்தீவில் அகதி முகாம் குடிசைக்குள் வைத்துத் தங்கச்சிக்குக் கலியாணம் பேசினோம். மாப்பிள்ளை வீட்டார் வீடு எங்கே என்று கேட்டார்கள். நான் சபையில் எழும்பிச் சொன்னேன்: "வீடு மன்னார்ல இருக்கு. பிரச்சினை முடிஞ்ச அண்டைக்கு உம்மா எழுதித் தருவா. அதுக்கு நான் பொறுப்பு." மாப்பிள்ளை, "உங்கட வாய்ச்சொல் போதும் மச்சான்," என்றார். அவர் உப்பளத்தில் வெயிலில் காய்ந்து உழைத்து, கடைசிவரை ஒரு தரமும் அந்த வாக்கை எனக்கு ஞாபகப்படுத்தாமல் மௌத்தாகிப் போனார்.

நான் கற்பிட்டியில் கருவாடு வாங்கிச் சைக்கிளில் கட்டி வீடு வீடாக விற்றதும், பிறகு கடை போட்டதும், லொறி எடுத்ததும் நீ கேட்டுக் கேட்டுப் புளித்த கதை. அதில் நான் சொல்லாமல் விட்ட பாகம் இதுதான். சண்டை முடிந்து பாதை திறந்ததும் ஆட்கள் மன்னாருக்குப் போய் வந்தார்கள். நானும் போனேன். வீடு இல்லை, அத்திவாரமும் கிணறும் இருந்தன, மற்றதெல்லாம் பற்றை. ஆனால் றோட்டுப் போடக் கல் இறக்கியிருந்தார்கள். அந்தக் கல்லைப் பார்த்தபோதே இந்தக் காணி இன்னும் பத்து வருடத்தில் என்ன பெறும் என்று என் வியாபாரப் புத்தி சொல்லிவிட்டது. தங்கச்சியின் கையில் போனால் துண்டு துண்டாக விற்றுப் போகும், நான் வைத்திருந்தால் உருப்படியாக இருக்கும் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். இத்தனை பேரையும் சுமந்தவன் நான்தானே என்றும் நினைத்தேன். சுமந்தது உண்மைதான். அதற்குக் கூலியாக இன்னொருத்தியின் ஹக்கை, அவளுக்குச் சேர வேண்டிய உரிமையை, எடுக்கலாம் என்று எந்த மார்க்கத்திலும் இல்லை.

உம்மாவுக்கு அப்போது புத்தி தடுமாறி இரண்டு வருடம். தங்கச்சியின் வீட்டில் இருந்தாள். பின்னேரமானால் உடுப்பையெல்லாம் ஒரு பழைய சாரத்துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு, "எப்ப வெளிக்கிடுறம்?" என்று கேட்பாள். தங்கச்சி ஒவ்வொரு நாளும், "கடல் கொந்தளிப்பா இருக்காம் உம்மா, நாளைக்குப் போவம்," என்று சொல்லி மூட்டையை அவிழ்ப்பாள். தங்கச்சி தன் மகளைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போன ஒரு காலையில், காணி உறுதிப் பத்திரம் எழுதுகிற, எனக்குத் தெரிந்த நொத்தாரிசு ஒருவரை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு அங்கே போனேன். சாட்சிக்கு என் கடை ஆட்கள் இருவர். நன்கொடை உறுதி தயாராக இருந்தது, உம்மா தன் காணியை எனக்குக் கொடுக்கிறாள் என்று. முதல் நாளே அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். நொத்தாரிசு கேட்டார்: "உம்மா, இந்தக் காணிய ஆருக்குக் குடுக்கிறீங்க?" உம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை அசைத்தேன். "மகனுக்கு," என்றாள். அவர் வேகமாக வாசித்து முடித்தார். மைப்பெட்டியைத் திறந்ததும் யாரும் சொல்லாமலே உம்மா பெருவிரலை நீட்டினாள். முகாமில் எத்தனை வருடம் அப்படி நீட்டியிருப்பாள்! ஒரு தாள் வரும், பெருவிரல் வைக்க வேண்டும், வைத்தால் நிவாரண அரிசி வரும். விரலை வைத்துவிட்டு நொத்தாரிசைப் பார்த்துக் கேட்டாள்: "தம்பி, இந்த முறை அரிசி எப்ப தருவீங்க? போன முறை தந்தது முழுக்கப் புழு."

நொத்தாரிசு சிரித்தார். "வரும் உம்மா, வரும்," என்றார். சாட்சிக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மகன். பிறகு கடைக்கு ஆளனுப்பி அரை மூடை நல்ல அரிசி எடுப்பித்து உம்மாவின் முன்னால் வைத்தேன். அவள் அதற்குள் கையை விட்டு அளைந்து, முகர்ந்து பார்த்து, கையேந்தி எனக்குத் துஆச் செய்தாள். அந்த அரிசியை இரக்கத்தில் வாங்கினேனா, பொய் முழுசாக இருக்கட்டும் என்று வாங்கினேனா, இன்றைக்கும் எனக்கே தெரியாது. அதற்குப் பிறகு ஆறு வருடம் உம்மா இருந்தாள். அவளைக் குளிப்பாட்டியது, மலம் அள்ளியது, சோறு ஊட்டியது எல்லாம் உன் மாமி. நான் கிழமைக்கு ஒரு தரம் பழம் வாங்கிக்கொண்டு போய் அரை மணித்தியாலம் இருந்துவிட்டு வருவேன். உறுதி என் அலுமாரியில் இருந்தது.

டொக்டர் சொன்ன பிறகு, அந்தக் காணியைத் தங்கச்சிக்குத் திருப்பி எழுத நான் வேறொரு நொத்தாரிசிடம் போனேன். இவர் இளம் பெண். கடை மனேஜர் என்னோடு உள்ளே வந்தான். "நீங்க கொஞ்சம் வெளியில இருங்க," என்று அவனை அனுப்பிக் கதவைச் சாத்தினார். எனக்கு என்னென்ன சொத்து இருக்கிறது, பிள்ளைகள் எத்தனை, யாருக்கு என்ன கொடுக்க நினைக்கிறேன், ஏன் என்றெல்லாம் கேட்டார். தேத்தண்ணி வரவழைத்துத் தந்துவிட்டு, அதே கேள்விகளை மாற்றிப் போட்டு இன்னொரு தரம் கேட்டார். எனக்குச் சினம் வந்தது. "நான் என்ன பைத்தியமா, மிஸ்?" "இல்ல ஹாஜியார். நாளைக்கு ஒருத்தர் வந்து உங்களைப் பைத்தியம் எண்டு சொன்னா, இல்லை எண்டு நான் கோட்டில சொல்லோணும். அதுக்குத்தான் கேக்கிறன்." வெளியே வந்து படியில் இறங்கும்போது யோசித்தேன். என் உம்மாவிடம் இப்படி ஒருவர் கேட்டிருந்தால், அதுவும் என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டிருந்தால், அவள் என்ன சொல்லியிருப்பாள்? வீடு ஹாஜராவுக்கு என்று சொல்லியிருப்பாள். அந்த ஒன்றை அவள் மறந்திருக்கமாட்டாள். நான் முன்னால் நின்று தலையசைத்ததால்தான் மகனுக்கு என்றாள். இதை நீ மனதில் எழுதி வைத்துக்கொள்: சொத்தை வாங்கப் போகிறவன் அந்த அறைக்குள் இருக்கக் கூடாது.

அங்கிருந்து நேரே கரைத்தீவுக்குப் போனேன். உன் மாமி கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "தங்கச்சி, மன்னார்க் காணி..." என்று தொடங்கினேன். "தெரியும் காக்கா," என்றாள், தலை நிமிராமல்.

"என்ன தெரியும்?"

"உம்மா அண்டைக்கே சொன்னா. கை வச்ச உடன அரிசி தந்தாங்க, இந்த முறை நல்ல அரிசி எண்டு. முகாம் போய் எத்தனை வருசம், ஆர் வந்து அரிசி தாறது? விரல்ல மை ரெண்டு நாளாப் போகல்ல. குளிப்பாட்டினது நான்தானே."

"அப்ப ஏன் என்னைக் கேக்கல்ல?"

அவள் கையைக் கழுவிவிட்டு என்னைப் பார்த்தாள். "கேட்டா நீங்க கோவிச்சுக்கொண்டு வராம விட்டிருப்பீங்க. நீங்க வாற நாளையில மட்டும்தான் உம்மா வயிறாரத் திண்டா. காணி பெரிசா, அது பெரிசா?" பிறகு, "வெறும் வயித்தோட வந்திருக்கீங்க போல, மீன் பொரிச்சுத் தாறன், இருங்க," என்றாள். நான் அந்தக் கிணற்றுக் கட்டில் குந்தி அழுதேன். அறுபத்தெட்டு வயது மனிதன், ஊரில் எல்லாரும் முதலாளி என்று கூப்பிடுகிறவன். அவள் மீனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் அழுவதை யாரும் பார்க்கக் கூடாது என்றுதான் போனாள் என்று பிறகு விளங்கியது.

சாப்பிட்ட பிறகு மாமியிடம் சொன்னேன், காணியை அவள் பேருக்கு எழுதித் தருகிறேன், நொத்தாரிசிடம் வரட்டும் என்று. மாட்டேன் என்றாள். மருமகன் என்று உன்னைத்தான் சொன்னாள்: "மருமகன் வரட்டும். அவன் பக்கத்தில நிண்டு, எல்லாம் தெரிஞ்சு, சரி மாமி எண்டு சொன்னா எடுப்பன். உங்களுக்குப் பிறகு, என்ட மகளைத் தவிர உம்மாட வழியில எனக்கு மிச்சம் அவன் ஒருத்தன்தான். காணிய எடுத்துக்கொண்டு அவனைக் கைவிட எனக்கு என்ன விசரா?" நீ யாருடைய வேலை என்று கேட்டாயோ, அவள் சொன்னது இதுதான்.

இனி சட்டத்தைச் சொல்கிறேன், கவனமாக வாசி. கொடுப்பவன் கையெழுத்து வைத்தால் மட்டும் நன்கொடை உறுதி செல்லாது. வாங்குபவள் ஏற்றுக்கொண்டு அவளும் கையெழுத்து வைக்க வேண்டும். அவள் நீ வரும்வரை வைக்கமாட்டாள். எழுதாமல் நான் மௌத்தானால், மார்க்கப்படி மகன் இருக்கும்போது தங்கச்சிக்கு ஒன்றும் வராது. எல்லாம் உனக்கு. மரண சாசனம் எழுதலாமா என்று கேட்டேன். எழுதலாம், ஆனால் வாப்பாவுக்கு அப்போது புத்தித் தெளிவு இருக்கவில்லை என்று மகன் வழக்குப் போட்டால் அதையும் இழுக்கலாம் என்றார் நொத்தாரிசு. மாமியிடம் சொன்னேன். "நீங்க போன பிறகு மருமகனோட கோட்டில நிக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டாள். அவள் வேண்டாம் என்றதை அவள் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. எனக்குப் பதிலாக நீ கையெழுத்து வைக்க அற்றோணித் தத்துவம் எழுதித் தரச் சொன்னாயே, 'பவர்' என்பீர்கள், அதுவும் என் புத்தி இருக்கும்வரைதானாம். என் புத்தி போன அன்றைக்கு அந்தத் தாளும் செத்துவிடும். அதற்குப் பிறகு அதை வைத்து நீ ஒரு பாங்குக் காசோலையைக்கூட மாற்றக் கூடாது. மாற்றினால் அது களவு. எல்லாரும் செய்கிறார்கள் என்று யாராவது சொல்வார்கள். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் சொன்னேன்.

இன்னொரு பிழையும் இருக்கிறது, அது உன் கலியாணத்தில் நான் செய்தது. உன் மாமனார் தன் வீட்டை உன் பெண்சாதிக்கு எழுதும்போது, தனக்கும் மனைவிக்கும் சீவிய உரித்து வைத்து எழுதக் கேட்டார். மௌத்தாகும்வரை அந்த வீட்டில் இருக்கிற உரிமை, அவ்வளவுதான். நான் விடவில்லை. "நாளைக்குப் பாங்கில ஈடு வைக்கேலாது, சும்மா எழுதுங்க சம்மந்தி, பிள்ளைகள் உங்களைத் துரத்தவா போறாங்க?" என்று சிரித்துக்கொண்டே மடக்கினேன். கெட்டித்தனம் என்று நினைத்தேன். இன்றைக்கு அந்த மனிதர் தான் கட்டிய வீட்டில் மகளின் தயவில் இருக்கிறார். போன மாதம் கடைக்கு வந்தார். கதவுக்குப் பூட்டு மாற்ற வேண்டும், மகளிடம் கேட்டுவிட்டுத்தான் மாற்ற வேண்டும் என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. நீ வரும்போது பெண்சாதியோடு கதைத்து அந்த உரித்தை எழுத்தில் கொடுங்கள். அவர் கேட்கமாட்டார், நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

என்னைப் பற்றி அதிகம் இல்லை. கடையையும் மேல் வீட்டையும் நான் யாருக்கும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். கடை வருமானத்தில் என்னைப் பார்க்க ஒரு ஆம்பிளையைச் சம்பளத்துக்கு வை. உன் பெண்சாதியின் தலையில் போடாதே, மாமி தானாக வந்து நின்றாலும் விடாதே. அவள் ஒரு தரம் செய்து முடித்துவிட்டாள். நான் பின்னேரங்களில் மூட்டை கட்டத் தொடங்கினால் என்னோடு வாதாட வேண்டாம் என்று அந்த ஆளுக்குச் சொல். கடல் கொந்தளிப்பு என்று சொன்னால் போதும்.

மகன், அந்த வெளிநாட்டு முதலாளியிடம் லீவு கேள். சம்பளத்தை வெட்டுவார்கள் என்றால் வெட்டட்டும். டொக்டரின் கடிதம் என்னிடம் இருக்கிறது, இன்றைக்கு என் புத்தி சரி என்று எழுதித் தந்திருக்கிறார். எத்தனை மாதத்துக்கு அப்படி எழுத முடியும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. நீ வந்து இறங்கும் அன்றைக்கு உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேனென்றால், அடுத்த நாளே மாமியைக் கூட்டிக்கொண்டு நொத்தாரிசிடம் போவோம். நீ அவள் பக்கத்தில் நில். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

ஆனால் நான் உன்னைப் பார்த்து, "தம்பி, நீங்க ஆர்?" என்று கேட்டால், அன்றைக்கு என்னிடம் எந்தக் கையெழுத்தும் வாங்காதே. மாமிக்கு நல்லது செய்யத்தானே என்று நினைத்துக்கூட வாங்காதே. பேனாவை என் விரலில் வைத்தால் நான் போட்டுவிடுவேன், என் உம்மா வைத்த மாதிரி. அப்படி எழுதிய ஒரு உறுதி எங்கள் குடும்பத்தில் போதும். எழுதாதது எழுதாததாகவே கிடக்கட்டும். என்னை அடக்கி, நாற்பதாம் நாள் கத்தமும் ஓதி முடிந்த பிறகு, சட்டப்படி அந்தக் காணி உன் பேருக்கு வரும். அப்போது உனக்குப் புத்தி இருக்கும், பேனா உன் கையில் இருக்கும், யாரும் தலையசைக்கமாட்டார்கள். நீ கரைத்தீவுக்குப் போய், உன் கையெழுத்தால் அவளுக்குக் கொடு.

அன்புடன்,
உன் வாப்பா